ஹட்டன் போகும் எங்கள் பஸ்: பஸ்ஸுக்கு நான்கு, ரோட்டுக்கு ஒன்று

இலங்கை மலைநாட்டில் எல்ல போகிற ரயிலைப் பற்றி எல்லா மொழியிலும் எழுதித் தள்ளிவிட்டார்கள். ஒன்பது வளைவுப் பாலம், கதவில் தொங்கிக்கொண்டு எடுத்த படம், டிக்கட் கிடைக்காத கதை எல்லாம் நமக்கு மனப்பாடம். அதே மலைகளில் விடியக்காலையில் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் டவுன் வேலைக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குகிற தோட்டத்து பஸ்ஸுக்கு யாரும் நட்சத்திரம் போட்டதாகத் தெரியவில்லை. சரி, நான் போடுகிறேன்.

நோர்வூட் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து புறப்பட்டு, மெயின் ரோட்டுக்கு வந்து, நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டன் போகும் தனியார் பஸ் இது. பழைய மிட்சுபிஷி ரோசா. முதலாளி யார், பஸ்ஸின் பெயர் என்ன என்பதெல்லாம் வேண்டாம். அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும், மற்றவர்கள் உங்கள் தோட்டத்து பஸ்ஸை நினைத்துக்கொண்டு வாசியுங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது.

முதலில் நல்லது. ட்ரைவர் அண்ணன் கைதேர்ந்தவர், அந்த ரோட்டில் எந்தக் கல் எந்த டயருக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். கண்டக்டர் தம்பி மிச்சக் காசை ஒழுங்காகத் தருவார், இது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமில்லை. நோர்வூட் வரைக்கும் "ஆயா, மெதுவா ஏறுங்க, பஸ் ஓடிறாது" என்று தமிழில் போய்க்கொண்டிருப்பவர், ஹட்டன் நெருங்கியதும் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் எல்லாரையும் முன்னால் தள்ளுவார். மேல் டிவிசனில் நடக்க முடியாத ஒரு அம்மா மருந்துச் சீட்டையும் காசையும் அவர் கையில் கொடுத்துவிட்டால், மதிய பஸ்ஸில் மருந்து வந்து சேரும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கொழும்பில் இதற்கு ஒரு செயலியும் ஒரு டெலிவரி காசும் வைத்திருப்பார்கள்.

கெட்டது சொல்வதென்றால், மழை பெய்தால் பின் சீட்டின் ஜன்னல் ஷட்டர் மூடாது. பாட்டுச் சத்தம் அதிகம், காலையில் கூட. நெரிசலைப் பற்றி எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் கடைசி பஸ் விஷயத்தைச் சும்மா விட முடியாது. ஆள் குறைவென்றால் மாலையில் கடைசி பஸ் மேலே ஏறாது, மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அப்புறம் சாமான் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி நடக்க வேண்டும், இல்லாவிட்டால் திரீவீல். திரீவீலுக்குக் கொடுக்கும் காசு கொழுந்து எடுக்கிறவருக்கு அரை நாள் சம்பளம். கேட்டால் முதலாளி சொல்கிற பதில் ஒன்றுதான்: "ரோட்டைப் போட்டுக் குடுங்க, ராத்திரி பத்து மணிக்கும் விடுறேன்."

அந்த ரோட்டைக் கொஞ்சம் பார்ப்போம். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பியதும் பாலம் வரை தார் இருக்கிறது. ரோதைக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு. தார் போய் வெகு காலம் ஆகிவிட்டது, அடியில் போட்ட கருங்கல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. கான் (வடிகால்) அடைத்துப்போனதால் மழைத் தண்ணீர் முழுவதும் ரோட்டின் மேலேயே ஓடும். பஸ் அந்த இடத்தில் ஒரே திருப்பில் திரும்பாது. முன்னால் ஏறி, பின்னால் வந்து, மறுபடி ஏற வேண்டும். பின்னால் வரும்போது கண்டக்டர் குதித்து இறங்கி, வாசல் படிக்குக் கீழே வைத்திருக்கும் மரக்கட்டையை டயருக்கு அடியில் கொடுப்பார். கட்டை பிடித்துக்கொண்டதும் தகரத்தில் ஒரு தட்டு, ட்ரைவர் கிளச்சை விடுவார். அந்தக் கட்டையின் ஒரு பக்கம் டயர் கடித்துக் கடித்துக் குழி விழுந்து போயிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த நேரத்திலும் பேச்சை நிறுத்துவதில்லை, அவ்வளவு பழகிப்போச்சு.

2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, ஒரு வாரத்துக்கு எல்லாரும் ட்ரைவரின் தூக்கத்தையும் ரோட்டோரத் தடுப்பையும் பற்றிப் பேசினார்கள். அதுவாவது ஏ தர ரோடு. தடுப்பு வைக்க வேண்டும் என்று கேட்க அங்கே ஒரு அதிகார சபையாவது இருக்கிறது. எங்கள் வளைவுக்கு யாரிடம் கேட்பது?

இந்தக் கேள்விக்கு மலைநாட்டில் நேரான பதில் கிடையாது. ஏ, பி தர ரோடுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. அதற்குக் கீழே உள்ளவை மாகாணத்துக்கும் பிரதேச சபைக்கும். தோட்டத்து ரோடு தோட்டத்துக்கு. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது, காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பெனியுடையது. ரோட்டில் நடக்கிறவர்கள் நாங்கள். கம்பெனிக்குக் கொழுந்து லொறி போனால் போதும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று வருஷக்கணக்காகச் சொல்லி வந்தார்கள். அதே தோட்டத்து ஆட்கள் சபைக்கு வாக்குப் போடலாம், சபை உறுப்பினராகக் கூட வரலாம், ஆனால் உறுப்பினரின் வீட்டு வாசலுக்குக் கல் போட முடியாது! 2018 இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலோடு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகளும் வந்தன. கதவு திறந்தது, ஆனால் பெட்டியில் காசு இல்லை.

அங்கேதான் வரிக்கதை தொடங்குகிறது. எங்கள் பஸ்ஸில் இந்த விவாதம் பாராளுமன்றத்தில் நடப்பதை விட நன்றாக நடக்கும், குறைந்தபட்சம் யாரும் வெளிநடப்புச் செய்ய முடியாது. ஒரு நாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கும் ஹட்டனில் புடவைக் கடையில் வேலை செய்யும் பையனுக்கும் பிடித்துக்கொண்டது.

"வரி கூட்டாம ரோட்டுக்குக் காசு எங்கயிருந்து தம்பி வரும்? 2019 கடைசியில வற்றை, அதான் பெறுமதி சேர் வரியை, 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைச்சாங்க, எல்லாரும் வெடி கொளுத்தினீங்க. 2022 இல வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில 7.3 வீதத்துக்கு விழுந்து போச்சு. அப்படி ஒரு அரசாங்கம் தார் வாங்குமா, டீசல் வாங்குமா?"

"அதுக்குத்தான் அப்புறம் கூட்டினாங்களே சேர். 12, 15, இப்ப 18. 2024 ஜனவரியில டீசலுக்கும் வற் வந்துச்சு. சவர்க்காரத்துல குடுக்குறோம், பிஸ்கட்டுல குடுக்குறோம். இந்த வளைவுல ஒரு கூடை கல்லு விழுந்துச்சா?"

இரண்டு பேர் சொன்னதும் சரி. சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் போட்ட ஒப்பந்தப்படி வருமானத்தை மொத்த உற்பத்தியில் 15 வீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு, அதற்காக எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். அரசாங்கம் மாறினாலும் வற் மாறவில்லை. ஆனால் அந்த விவாதத்தில், கூட்டுவதா குறைப்பதா என்பதைத் தாண்டி, வாங்கிய காசு எந்த ரோட்டில் விழுகிறது என்று கேட்டவர்கள் குறைவு. ஆளும் தரப்பு பொருளாதாரத்தைக் காட்டும், எதிர்த்தரப்பு மக்களின் வயிற்றைக் காட்டும். எதிர்த்தரப்பில் இருக்கும்போது எரிபொருள் வரியைக் குறைப்போம் என்று பேசியவர்கள் ஆட்சிக்கு வந்ததும் காரணம் சொல்வார்கள், இது எந்தக் கட்சிக்கும் பொருந்தும்.

எனக்கு வரி கூட்டுவதில் தகராறு இல்லை. எங்கே போகிறது என்று எழுதிக் காட்டாமல் கூட்டுவதில்தான் தகராறு. எழுதிக் காட்ட முடியாது என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் ஏற்கெனவே செய்கிறார்கள். பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனை அடைக்க லீட்டருக்கு 50 ரூபா எடுக்கிறோம் என்று அரசாங்கமே சொன்னது, 2025 இல் அதை வைத்துப் பெரிய வாக்குவாதமும் நடந்தது. பழைய கடனுக்கு இவ்வளவு என்று லீட்டர் கணக்கில் ஒதுக்க முடியுமென்றால், ரோட்டுக்கும் பஸ்ஸுக்கும் இவ்வளவு என்று இரண்டு ரூபாவையாவது ஒதுக்கி, மாகாண வாரியாக, சபை வாரியாகப் பட்டியல் போட முடியாதா? அந்தப் பட்டியலில் தோட்டத்து ரோட்டின் பெயரும் இருந்தால் நான் முணுமுணுக்காமல் கட்டுவேன்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். டீசலில் வரி ஏறினால் பஸ் கட்டணம் ஏறும். 2022 ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணம் 40 ரூபாவுக்குப் போனபோது எங்கள் டிவிசனில் பிள்ளைகள் சிலர் நடந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள். டீசல், டயர், உதிரிப்பாகம், சம்பளம் என்று கணக்குப் பார்த்து வருஷா வருஷம் ஜூலையில் கட்டணத்தைத் திருத்துகிறார்கள். அந்தக் கணக்கு நாடு முழுவதுக்கும் ஒன்று. ஸ்பிரிங் பட்டை உடைவது எங்கள் மலையில் மாதத் தவணை மாதிரி, அதைக் காலி வீதியில் ஓடும் பஸ்ஸோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் முதலாளி மேலே ஏறாமல் திரும்பத்தான் செய்வார். ஆகவே வரியை வாகனத்தின் பெறுமதியில் போடலாம், பெரிய ஜீப்புக்குக் கூடுதலாக, பஸ்ஸுக்குக் குறைவாக. வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் இப்போதே மாகாண சபைக்குப் போகிற காசுதான். ஆனால் மத்திய மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் கிடையாது, எல்லாம் ஆளுநர் கையில். அந்தக் காசைப் பற்றி நின்று கேட்க நாம் வாக்குப் போட்ட ஒரு உறுப்பினர் கூட இல்லை.

அதிவேகப் பாதைகளைப் பற்றியும் பஸ்ஸில் பேச்சு வரும். தெற்குப் பாதை 2011 இல் திறந்தது. மத்திய அதிவேகப் பாதையில் மீரிகமை முதல் குருநாகல் வரை 2022 ஜனவரியில் திறந்தார்கள், கடவத்தையிலிருந்து மீரிகமை வரையிலான பகுதி பொருளாதார நெருக்கடியில் நின்றுபோய் 2025 செப்டெம்பரில்தான் மறுபடி வேலை தொடங்கியது. எனக்குப் பொறாமை இல்லை, நுவரெலியா மரக்கறி லொறிக்கு அது நல்லதுதான். ஆனால் அந்தக் கடனைக் கட்டுவது வற் பணமும்தான், வற்றில் கொழுந்து எடுக்கும் லீலாவும் லெட்சுமியும் ஜீப்காரரும் ஒரே வீதம். தோட்டத்து நாள் சம்பளத்தில் அரசாங்கம் 200 ரூபா சேர்த்து 1,750 ஆக்கும் என்று 2026 வரவு செலவுத் திட்டத்தில் வந்தபோது, வரிக்காசை எப்படிக் கம்பெனித் தொழிலாளிக்குக் கொடுக்கலாம் என்று கேட்டார்கள். எங்கள் சவர்க்காரத்து வரி பற்றி அப்படி ஒரு நியாயம் யாருக்கும் தோன்றவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைநாட்டில் ரோடும் ரயில் பாதையும் சரிந்த பிறகு கான் வெட்டுவதும் அணைச்சுவர் கட்டுவதும் ஆடம்பரச் செலவு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. தண்ணீர் போக வழி இல்லாத ரோடு தார் போட்டாலும் நிற்காது, போட வேண்டியது முதலில் கான்.

டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய ஆஸ்பத்திரி 2017 மே மாதம் திறந்தது, மோடி வந்து திறந்துவைத்து நோர்வூட் மைதானத்தில் பேசினார், நாங்களும் போய்க் கேட்டோம். கட்டடம் நல்ல கட்டடம். மேல் டிவிசனில் ஒருவருக்கு ராத்திரியில் நெஞ்சு வலி வந்தால் மெயின் ரோட்டுக்கு வருவதற்குள்தான் பாதி உயிர் போகும், அதற்கப்புறம் தார் ரோடுதான்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். ட்ரைவர், கண்டக்டர், மருந்துச் சேவை, காலை நேரம் தவறாமை இதற்கெல்லாம் ஐந்துக்கு நான்கு. ஷட்டருக்கும் பாட்டுக்கும் சேர்த்து ஒன்றைக் கழித்துவிட்டேன். ரோட்டுக்கு ஒன்று, அதுவும் பாலம் வரைக்கும் தார் இருப்பதால். கடைசி பஸ் பற்றி முதலாளியோடு இன்னும் பேச வேண்டும், ஆள் குறைந்தாலும் பிள்ளைகள் ட்யூஷன் முடிந்து வரும் நாளிலாவது மேலே ஏறச் சொல்லிப் பார்க்கப் போகிறோம்.

புதிதாக ஏறுகிறவர்களுக்கு: இடது பக்கம் நடுச் சீட்டு நல்லது, பின் சீட்டில் உட்கார்ந்தால் ரோதைக்கு மேலே தலை தகரத்தில் இடிக்கும். ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டாதீர்கள். மாலையில் ஹட்டனில் ஏறும்போதே "தம்பி, மேல போகுமா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள், "பார்ப்போம்" என்று சொன்னால் நோர்வூட்டிலேயே இறங்கி யாராவது ஊர்க்காரரோடு சேர்ந்து திரீவீலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.