சேணத்தில் பூஞ்சை: உப்பு டப்பாவா, டிஹியூமிடிஃபையரா?
ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினாலே தோலில் பூஞ்சை பூத்துவிடும். பினாங்கில் அது பெரும்பாலும் 80-ஐ ஒட்டித்தான் நிற்கிறது.

உப்பு டப்பா என்பது ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு உப்பு நிரப்பிய டப்பா; மலிவு, மின்சாரம் வேண்டாம். ஆனால் மூடிய அலமாரிக்கு மட்டுமே உதவும்; திறந்த அறையில் வீண். உறிஞ்சிய ஈரம் அடியில் உப்புநீராகத் தேங்கும். அது கடிவாள வாரில் சிந்தினால் தோல் சுருங்கி விறைத்துப்போகும், பிறகு எண்ணெய் தடவியும் பயனில்லை. எப்போதும் கீழ்த்தட்டிலேயே வையுங்கள்.

டிஹியூமிடிஃபையர், அதாவது காற்றின் ஈரத்தை இழுக்கும் மின்கருவி, விலை கூடுதல்; மின்கட்டணமும் ஏறும். இருந்தும் அறை முழுவதன் ஈரப்பதத்தையும் 50–60 விழுக்காட்டில் நிறுத்தும். சேணம் நிறைய வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். 40-க்குக் கீழே மட்டும் இறக்காதீர்கள். தோல் வறண்டு வெடிக்கும்.

எதை வாங்கினாலும், இருக்கும் பூஞ்சையை முதலில் வெளியே கொண்டுபோய்த் துடையுங்கள். பக்கிள் அடியிலும் தையல் ஓரத்திலும் பழைய பல் துலக்கியைப் போட்டுத் தேய்த்து, சேணச் சோப்பால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள்.