எல்லோருக்குமா, தகுதி பார்த்தா?

ஏற்றத்தாழ்வைக் குறைக்க அரசு தருவதை எல்லோருக்கும் தரலாம். இல்லையென்றால் ஏழைகளைப் பிரித்தெடுத்து அவர்களுக்கு மட்டும் தரலாம். தமிழ்நாட்டில் இரண்டும் நடக்கின்றன. 2021 மே மாதம் வந்த மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் முதல் வகை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இரண்டாம் வகை. அந்தத் தொகைக்காக எங்கள் தெருவில் பலருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள் நான். அதன்பிறகு முதல் வகையின் பக்கம்தான் நிற்கிறேன்.

தகுதி பார்ப்பதற்கான நியாயம் தெரிந்ததே: இருக்கிற பணம் தேவைப்படுகிறவருக்குப் போகட்டும். மாதம் 1,000 ரூபாய் ஒரு பெண்ணின் கணக்கில் நேராக விழுவது பெரிய விஷயம்தான்.

சிக்கல் சல்லடையில் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். சித்தாள் வேலைக்குப் போகிறவர் ஆண்டு வருமானம் என்று எதைச் சொல்வார்? ஒரு வாரம் வேலை, மறுவாரம் இல்லை. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருந்தால் அந்த யூனிட் யார் கணக்கு? மனு தள்ளுபடியானால் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் ஒருநாள் கூலி போகும். அலையத் தெம்பில்லாதவர் அப்படியே விட்டுவிடுவார். முதல் சுற்றில் விண்ணப்பித்தவர்கள் சுமார் 1.63 கோடி, தேர்வானவர்கள் சுமார் 1.06 கோடி. விடுபட்ட எல்லோரும் ஏழைகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தச் சல்லடையை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். வேலை போனவர், கணவனை இழந்தவர் என்று குடும்ப நிலை மாறிக்கொண்டே இருக்கும்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறார். வருமானச் சான்று கேட்பதில்லை. பஸ்ஸே வராத ஊருக்கு இதனால் பயனில்லை என்பது உண்மையான குறை. ரேஷனிலும் இதே வழிதான்: 1997இல் மத்திய அரசு வறுமைக்கோடு பார்த்துப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதை விடவில்லை.

பணக்காரருக்கும் எதற்கு என்று கேட்பார்கள். அவரிடம் வரியாக வாங்கலாம். இறந்தவர் விட்டுப்போன சொத்துக்குப் போட்ட எஸ்டேட் டூட்டியை 1985இலும், பெரும் சொத்து வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் போட்ட செல்வ வரியை 2015 பட்ஜெட்டிலும் மத்திய அரசு எடுத்துவிட்டது. வரி விஷயத்தில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. நகை, பங்கு என ஒளிந்திருக்கும் சொத்தை மதிப்பிடுவது கடினம் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியவில்லை. பத்திரப்பதிவில் கிடக்கும் நிலத்திலும் வீட்டிலுமாவது தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.