ஆறு வருடமாகக் கையில் இருக்கும் பாயோங் கூடை

பிலிப்பைன்ஸின் லகுனா மாகாணத்தில் இருக்கும் லாஸ் பான்யோஸுக்குக் குடிவந்த புதிதில் சந்தைக்கு வெறுங்கையோடு போய் நின்றேன். நெகிழிப் பைக்கு 2008-லேயே தடை போட்ட ஊர் அது. அவசரத்துக்கு ஒரு பாயோங் வாங்கினேன். தாழை ஓலையில் முடைந்து இரண்டு காது வைத்த கூடை. ஆறு வருடமாக என் காய்கறி, அரிசி எல்லாம் அதில்தான் வீட்டுக்கு வருகின்றன.

முடைந்த ஊர் லுயிசியானா, அதே லகுனா மாகாணத்தின் மலைப்பக்கம். ஒருமுறை போய்ப் பார்த்தேன். தாழை ஓலைக்கு இரண்டு ஓரத்திலும் நடு நரம்பிலும் முள். அதைச் சீவி, ஒரே அகலத்தில் கீற்றாகக் கிழித்து, வெயிலில் காயவைத்து, கனமான உருளையால் உருட்டி உருட்டிப் பதமாக்குகிறார்கள். கூடையின் ஆயுள் அந்த உருட்டலில்தான் இருக்கிறது என்பேன். அதனால் வாங்கும்போது வாய் விளிம்பை லேசாக மடக்கிப் பாருங்கள். சரக்கென்று சத்தம் வந்தால் வேண்டாம். இரட்டை மடிப்பாக முடைந்ததா என்றும் பாருங்கள்; ஒற்றையில் முடைந்தது ஐந்து கிலோ அரிசிக்கே தொங்கிவிடும்.

முதல் மழைக்காலத்தில் ஈரத்தோடு அலமாரிக்குள் வைத்துவிட்டேன். பத்தே நாளில் உள்ளே பூஞ்சை பூத்துவிட்டது. வினிகர் தொட்டுத் துடைத்து, நிழலில் காற்றாட வைத்ததும் சரியானது. அப்புறம் எப்போதும் ஆணியில்தான் மாட்டுகிறேன். மீனை நேரே போடவே கூடாது, வாடை ஓலைக்குள் இறங்கிவிடும். நசுங்கிப்போனால் கவலை வேண்டாம். தண்ணீர் தெளித்து, உள்ளே பழைய துணி திணித்துக் காயவிட்டால் பழைய வடிவம் வந்துவிடுகிறது.

சந்தையில் நெகிழிப் பட்டையில் பின்னிய பாயோங்கும் கிடைக்கிறது. கழுவ எளிது, உண்மைதான். ஆனால் என் வீட்டில் வெயில் பட்ட பட்டை இரண்டே வருடத்தில் பொடிந்து உதிர்ந்தது.

இந்தக் கூடைக்கு இருண்ட நினைவும் உண்டு. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் காட்டிக்கொடுக்க வந்தவர்கள், கண்ணுக்கு மட்டும் துளை போட்டு இதைத்தான் தலையில் கவிழ்த்துக்கொண்டார்களாம். அதைக் கேட்ட அன்று கூடையைத் தூக்கவே மனம் வரவில்லை.

முதலில் தேய்வது காதுதான். நாலாம் வருடம் ஒரு காது அறுந்தது. நான் வாடிக்கையாகக் காய் வாங்கும் ஆத்தே (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஈரக் கீற்றை முறுக்கிப் புதுக்காது கட்டித் தந்தார். இப்போது மற்றதும் இழை விடுகிறது. இந்த முறை நானே கட்டப்போகிறேன், கீற்று மட்டும் அவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.