தண்ணிக்குள் மலை வைக்கும் செயலி: நாலு வருசப் பாவனைக்குப் பிறகு

முந்தாநாள் இரவு பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். "அண்ணே, அந்தத் தண்ணி எஃபெக்ட் செயலி பாதி விலைக்குப் போட்டிருக்கான். வாங்கவா?" ஒரு வரியில் பதில் போட்டுவிட்டுப் படுக்கலாம் என்றுதான் போனைக் கையில் எடுத்தேன். முடியவில்லை. வாங்கு என்று அடித்தேன், அழித்தேன். வேண்டாம் என்று அடித்தேன், அதையும் அழித்தேன்.

செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. படத்தைக் கவிழ்த்துக் கீழே ஒட்டி அதை அலைய விடுகிற செயலிகள் எல்லாம் அண்ணன் தம்பிகள்தான். என்னென்ன வசதி, எத்தனை ஃபில்டர் என்பதெல்லாம் அதை இறக்குகிற இடத்திலேயே எழுதிக் கிடக்கிறது. அதைத் திரும்ப ஒப்பிக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஹட்டனில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. அடையாள அட்டைப் படம், லெமினேட், போட்டோ கொப்பி, இவைதான் சோறு போடுகின்றன. சீனரி ஃபிரேம் ஆசைக்குச் செய்வது. கொழும்பில் கடைகளில் நிற்கிற எங்கள் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது ஒன்று வாங்கிப் போவார்கள். மலை வேண்டும், தேயிலை வேண்டும், முடிந்தால் தங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, தெரிய வேண்டும். கடைசியில், போகிற போக்கில், "கீழ கொஞ்சம் தண்ணி இருந்தா நல்லாருக்கும்ண்ணே" என்பார்கள். அந்த இடத்தில் தண்ணீர் என்று பார்த்தால் குழாயில் வழிகிற பீலித் தண்ணீர்தான் இருக்கும். அதற்காகத்தான் 2021 கடைசியில் இந்தச் செயலிக்கு வருடச் சந்தா கட்டினேன். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டாலர் மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனது. அந்த வருடம் சந்தாவைப் புதுப்பித்ததை வீட்டில் சொல்லவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். இதன் அலை அருமை. அலையைக் கூட்டிக் குறைக்க ஒரு நழுவி (ஸ்லைடர்) இருக்கிறது, பூச்சியத்திலிருந்து நூறு வரை. மற்ற செயலிகளில் படம் முழுக்க ஒரே அளவு நெளிவுதான் வரும், தகரத்தில் வரைந்த மாதிரி. இதில் எதிர்க்கரைப் பக்கம் அலை பொடியாகவும் நம் காலடிக்கு வர வரப் பெரிதாகவும் விரிகிறது. நிசத் தண்ணீரும் அப்படித்தான். ஏழில் வைத்தால் காலை ஆறு மணிக் காசல்ரீ நீர்த்தேக்கம். முப்பதில் வைத்தால் பதினொரு மணிக்குக் காற்று எழும்பிய காசல்ரீ. ஏப்ரல் சீசனில் நுவரெலியா போய்க் கிரகரி வாவிக் கரையோர விளக்குகளை எடுத்து வந்தேன். அலையைக் கூட்டக் கூட்ட ஒவ்வொரு விளக்கும் நம்மை நோக்கி நீளக் கோடாக இழுபடுகிறது. பக்கவாட்டில் சிதறாமல் நெடுக்காக நீள்வதைப் பார்த்ததும், இதைச் செய்தவன் ஏதோ ஒரு ராத்திரி ஒரு குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றியது.

ஆனால் அவன் பகலில் போய் உட்காரவில்லை. அதுதான் என் சண்டை.

தண்ணீரில் தெரிவது படத்தின் கவிழ்த்த கொப்பி என்று இந்தச் செயலி நினைக்கிறது. நானும் முதல் ஒரு வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் தோட்டத்து ரோட்டில் நின்று கீழே குளக்கரை லயத்தை எடுத்தேன். மேலிருந்து பார்ப்பதால் தகரக் கூரை முழுசாகத் தெரியும். காற்றுக்குப் பறக்காமல் இருக்கக் கூரையில் வைத்த கல், ஒரு பழைய டயர், எல்லாம் இருந்தன. நிசக் குளத்தில் குப்பையும் பாசியும் கிடந்ததால் அதை வெட்டிவிட்டுச் செயலியில் தண்ணீர் வைத்தேன். கூரை கவிழ்ந்தது. கல்லும் கவிழ்ந்தது. டயரும் தண்ணீருக்குள் தெரிந்தது. ஃபிரேம் போட்டுக் கொடுத்தபோது அந்த லயத்துப் பையன் கேட்டான். "அண்ணே, தண்ணி கீழதானே இருக்கு? அதுக்கு எப்பிடிக் கூரைக்கு மேல வெச்ச டயர் தெரியும்?" பத்தாம் வகுப்புப் பையன். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அவன் சொன்னதுதான் சரி. நாம் தண்ணீருக்கு எவ்வளவு மேலே நிற்கிறோமோ, அவ்வளவு கீழே இறங்கி நின்று ஒருவன் அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் பிம்பம். அவனுக்குக் கூரையின் மேல்பக்கம் தெரியாது. இஸ்தோப்புக் கூரையின், அதாவது முன்திண்ணைக் கூரையின், அடிப்பக்கமும் அதன் கறுப்புக் கம்புகளும்தான் தெரியும்.

அன்று இரவு பில் கொப்பியின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். என் கண் தண்ணீருக்கு 10 மீட்டர் மேலே என்று வைப்போம். எதிர்க்கரை 50 மீட்டரில், அங்கே 15 மீட்டர் உயரச் சவுக்கு மரம் ஒன்று. அதற்குப் பின்னால் 10 கிலோமீட்டர் தள்ளித் தண்ணீர் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயர மலை. நேரே பார்த்தால் மர உச்சி என் கண்ணுக்கு 5 மீட்டர் மேலே. கீழே நிற்கும் அந்த ஆளுக்கு 25 மீட்டர் மேலே, அதாவது ஐந்து மடங்கு. மலையோ எனக்கு 990 மீட்டர், அவனுக்கு 1010. நூற்றுக்கு இரண்டு வித்தியாசம், அதை யார் கண்டது? ஆகவே நேரே பார்க்கும்போது மரமும் மலையும் தோளுக்குத் தோள் நிற்கும். தண்ணீரிலோ மரம் நெடுநெடுவென்று நீண்டு கிடக்கும், மலை அதற்குள் ஒளிந்துகொள்ளும். மரத்தை வெட்டிப் போட்டாலும் மலை வராது. மலை விழ வேண்டிய இடம் எதிர்க்கரைத் தண்ணீர் விளிம்புக்கும் மேலே இருப்பதால் அங்கே கரைதான் இருக்கும், தண்ணீர் இருக்காது. செயலி அந்தக் குட்டைக்குள் முழு மலையையும் இறக்கி வைக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. பொய் என்று தெரிந்த பிறகு என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

வாங்குகிறவர்களுக்கு இது தெரியுமா என்றால், கணக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி வளர்ந்தவர்கள். "நல்லாருக்கு, ஆனா என்னமோ மாதிரி இருக்கு" என்பார்கள். அந்த என்னமோதான் இது.

இன்னொரு கோபம், தண்ணீர்க் கோடு. செயலியில் அது ஒரே ஒரு கோடு, அடிமட்டம் வைத்துக் கிழித்த மாதிரி நேராக. காசல்ரீயில் எந்தக் கரை நேராக இருக்கிறது? ஒரு மேடு மூக்கை நீட்டிக்கொண்டு நமக்குக் கிட்டே வரும், அடுத்தது உள்ளே வளைந்து போகும். கிட்டே இருக்கும் கரைக்குத் தண்ணீர்க் கோடு படத்தில் கீழே வரும், தூரக் கரைக்கு மேலே. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் மடித்தால் அந்த மூக்கு அந்தரத்தில் தொங்கும். நீர்மட்டம் இறங்கிய மாதங்களில் இன்னும் மோசம். கரையைச் சுற்றி வெறும் செம்மண் பட்டை தெரியுமே, அது கவிழ்ந்து இரண்டாகச் சேர்ந்ததும் பெரிய வெற்றிலைச் சிவப்பு உதடு மாதிரி இருந்தது. மனைவி சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது.

வெளிச்சத்திலும் சறுக்கல்தான். செயலி தானாக வைக்கும் பிம்பம் வானத்தை விடப் பளிச்சென்று இருக்கும். நேர் கீழே குனிந்து பார்த்தால் தண்ணீர், வாங்கும் வெளிச்சத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவைத்தான் திருப்பித் தரும். சரித்துப் பார்க்கப் பார்க்கத்தான் அது கூடும். அதனால் காலடியில் பிம்பம் இருண்டு, அடியில் கிடக்கும் கல்லும் சேறும் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். நான் கீழ் ஓரத்தை நன்றாகவே இருட்டாக்கி, லேசாகப் பச்சை ஏற்றுகிறேன். அதற்கு நழுவி இருக்கிறது, அந்த மட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கெல்லாம் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன், செலவில்லாத வழி. ரோட்டில் நின்று எடுக்காதே, கீழே இறங்கு. தண்ணீர் ஓரத்தில் குந்தி, போனை ஒரு முழ உயரத்துக்கு இறக்கி எடு. அந்த உயரத்தில் மேலே பார்ப்பவனும் கீழே பார்ப்பவனும் கிட்டத்தட்ட ஒரே ஆள். கவிழ்த்த கொப்பியும் நிசப் பிம்பமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். எதிர்க்கரை தூரமாக இருந்தால் இன்னும் நல்லது. மவுசாகலை நீர்த்தேக்கக் கரையில் பெப்ரவரி மாதக் காலையொன்றில் அப்படிக் குந்தியிருந்து சிவனொளிபாதமலையை எடுத்தேன். நிசத் தண்ணீர் பாதி மூடுபனியில் போயிருந்ததால் மிச்சத்தைச் செயலி நிரப்பியது. இன்றுவரை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை, நான் உட்பட. நிசம் எங்கே முடிந்தது என்பது எனக்கே மறந்துவிட்டது.

ரோட்டில் நின்றுதான் எடுக்க வேண்டும் என்றால் மடிக்கணினியில் ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் இருக்கிறது, இலவசம். மலை தனி லேயர், மரம் தனி லேயர், லயம் தனி லேயர். ஒவ்வொன்றையும் அதனதன் தண்ணீர்க் கோட்டில் கவிழ்த்து, மலையை மட்டும் தேவையான அளவு மேலே ஏற்றி மரத்துக்குப் பின்னால் தள்ள வேண்டும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டரைப் போட்ட பிறகும் திரும்பப் போய் மாற்றலாம், அது பெரிய உதவி. ஆனால் அந்த அலை வரவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்றும் வரவில்லை. கடைசியில் ஜிம்பில் அடுக்கியதைச் செயலிக்குக் கொண்டுபோய் அலையை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். வருடச் சந்தா கட்டி அலை வாங்குகிறவன் இந்த மலைநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதில் செயலி மேல் குற்றமில்லை. 1960களின் கடைசியில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும், சனம் பார்க்கப் போகும். அப்படி ஒருமுறை நான் எடுத்த கோயில் படத்தை ஒரு பெரியவர் ஃபிரேம் போடச் சொன்னார். அவர் அந்தப் பழைய டவுனில் பிறந்தவர். வெடித்த சேறு பார்க்க நன்றாக இல்லையே என்று நானாகவே கோயிலைச் சுற்றித் தண்ணீர் வைத்தேன். பிம்பம் ஏழில் தளதளத்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இம்புட்டுத் தண்ணி வந்தா கோயில் உள்ள போயிருமே. தண்ணி இல்லாம இருக்கவும்தானே நாம பார்த்தோம்?"

சேற்றோடு இருந்த படத்தையே அச்செடுத்துக் கொடுத்தேன். வெடிப்பு வெடிப்பாக, சாம்பல் நிறத்தில். வாங்கித் துணிப்பையில் வைத்துக்கொண்டு போனார். தண்ணீர் வைத்த கொப்பி கடைச் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்த்து இதுவரை மூன்று பேர் ஓடர் கொடுத்திருக்கிறார்கள், காசு வேண்டாம் என்று சொல்ல நான் துறவி இல்லை.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? நேற்றுக் காலையில் ஒரு கல்யாண ஜோடியின் படத்துக்குத் தண்ணீர் வைக்கப் போய், செயலி மாப்பிள்ளையின் சப்பாத்தை மட்டும் தண்ணீருக்கு வெளியே விட்டுவிட்டது. அந்த எரிச்சலிலேயே, "வாங்காத, காசு வீண்" என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"நீங்க புதுப்பிக்கலையாண்ணே?"

"பாதி விலைன்னதும் காலையிலேயே கட்டிட்டேன்" என்று எழுதினேன். சிரிக்கிற முகம் நாலு அனுப்பினான். சனிக்கிழமை ஐந்தரைக்கு நோர்வூட் பஸ் பிடித்துக் காசல்ரீக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சப்பாத்து வேண்டாம், செருப்புப் போட்டு வா, குந்தும்போது கால் நனையும் என்றும் சொன்னேன்.