முதல் பழைய டிவி: ஷட்டர் பெட்டியா, போர்ட்டபிளா, கலரா?

பழைய டிவி சேர்க்க ஆசைப்படுகிற எல்லோர் மனதிலும் முதலில் வருவது ஷட்டர் வைத்த மரப்பெட்டிதான். சாலிடேர், டயனோரா, ஈசி டிவி என்று பெயர்களைச் சொல்லும்போதே அந்த மரக்கதவு கண்முன் வந்துவிடும். எனக்கும் அதன்மேல்தான் ஆசை அதிகம். ஆனால் முதல் செட் என்று கேட்டால், 12 அல்லது 14 அங்குல கறுப்பு வெள்ளை போர்ட்டபிளைத்தான் சொல்வேன்.

ஷட்டர் பெட்டியின் மதிப்பு அதன் காலத்தில் இருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அதற்குப் பிறகான பத்து வருடங்களில் நடுத்தர வீட்டின் பெரிய செலவு இந்தப் பெட்டிதான். தெருவே கூடி ஒளியும் ஒலியும் பார்த்தது இதில்தான். சாலிடேரும் டயனோராவும் சென்னைக் கம்பெனிகள். ஈசி டிவி ஹைதராபாத்தில் மத்திய அரசு நிறுவனம் செய்தது. ஆக, நம் ஊர் வரலாற்றைச் சேர்க்க வேண்டுமென்றால் இதைத் தவிர்க்க முடியாது.

சிக்கல், பெட்டியைப் பார்த்து மயங்கிவிடுவோம் என்பதுதான். மரத்தைப் பாலிஷ் போட்டு மீட்டுவிடலாம், கரையான் அரித்த பலகையைக்கூட ஆசாரியிடம் கொடுத்து மாற்றலாம். படம் தெரியும் கண்ணாடிக் குழாயான பிக்சர் டியூப் போனால் புதிது கிடைக்காது. எல்.ஓ.டி. என்று மெக்கானிக்குகள் சொல்லும், டியூபுக்கு ஹைவோல்டேஜ் தரும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தால் அதே மாடலின் இன்னொரு செட்டைத் தேடி அலைய வேண்டும். எழுபதுகளின் சில செட்களில், டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குமிழான வால்வும் உண்டு, அதற்கும் இதே அலைச்சல்தான். தூக்க இரண்டு பேர் வேண்டும், வைக்க ஒரு மூலையே வேண்டும்.

போர்ட்டபிளில் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறைகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இவை ஏராளமாக வந்ததால், ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் போட வழி இருக்கிறது. கெபாசிட்டர், டிரான்சிஸ்டர் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்றும் வாங்கலாம். பல மாடல்களில் பின்பக்கம் 12 வோல்ட் பேட்டரி சாக்கெட் இருக்கும். கரண்ட் இல்லாத ஊர்களில் கார் பேட்டரி வைத்துப் படம் பார்த்த காலத்தின் அடையாளம் அது. அந்த சாக்கெட் உள்ள செட் கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டில் எதை வாங்கினாலும் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். பின்மூடியின் காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்து, டியூப் பின்பக்கம் ஒடுங்கும் கழுத்துக் கண்ணாடியைப் பாருங்கள். அங்கே உள்பக்கம் பாதரசம் பூசியதுபோல் பளபளப்பான ஒரு திட்டு தெரிந்தால் நல்லது. அது பால் நிறத்தில் வெளுத்திருந்தால் டியூபுக்குள் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கிளம்பிவிடலாம்.

விற்பவர் செட்டைப் போட்டுக் காட்டும்போது திரையின் நடுவில் ஒரே ஒரு குறுக்குக்கோடு மட்டும் வந்தால் அவர் செத்த டிவி என்று நினைத்து விலை சொல்வார். உண்மையில் டியூபும் ஹைவோல்டேஜும் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கோடே சாட்சி. படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்ட்டிகல் பகுதியில்தான் பழுது, அது பெரும்பாலும் சரி செய்யக்கூடியது. பிரைட்னஸை ஏற்றும்போது முகங்கள் ஈயம் பூசியது மாதிரி மினுங்கினால் மட்டும் டியூப் தளர்ந்துவிட்டது, யோசித்து வாங்குங்கள்.

கலர் டிவியை முதல் வேட்டையில் சேர்க்க மாட்டேன். 1982 டெல்லி ஆசிய விளையாட்டையொட்டி வந்த முதல் தலைமுறை கலர் செட் கிடைத்தால் அது பொக்கிஷம்தான், ஆனால் உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பழுதும் சிக்கலானது. பிறகு வந்த ஒனிடா, பிபிஎல் செட்கள் பரவலாக இருக்கின்றன, அவசரமில்லை. 2006க்குப் பிறகு தமிழக அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவியை இன்று யாரும் பழம்பொருளாக நினைப்பதில்லை. அதனாலேயே அது காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இடம் இருந்தால் ஒன்றை எடுத்து வையுங்கள்.

எங்கே தேடுவது? காரைக்குடி பழம்பொருள் கடைகளில் பெட்டி அழகாக இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். அங்கே டிவி ஓர் அலங்காரப் பொருள், ஓடுமா என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பது அரிது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விலை பேசலாம், ஆனால் வெயிலிலும் மழையிலும் கிடந்த சரக்கு, போட்டுப் பார்க்கவும் வழியிருக்காது. ஆன்லைன் விளம்பரம் என்றால் பின்மூடியைக் கழற்றி எடுத்த படத்தைக் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரை விட்டுவிடுங்கள்.

இந்த மூன்றையும்விட நான் நம்புவது பழைய டிவி மெக்கானிக்கை. கடையின் பரணில், வாடிக்கையாளர் திரும்ப வந்து வாங்காத செட் ஒன்றாவது இருக்கும். அவருக்கு அதன் கோளாறு தெரியும், பாகமும் அவரிடமே இருக்கும், ‘அண்ணே, சீரிஸ் பல்ப் போட்டு ஓட்டிக் காட்டுங்க’ என்று தைரியமாகக் கேட்கலாம். பல வருடம் தூங்கிய செட்டை நேரடியாகக் கரண்டில் செருகக் கூடாது, இடையில் ஒரு பல்பைத் தொடராக இணைத்து அதன் வழியாகவே கரண்ட் கொடுக்க வேண்டும் என்பதை அவரே முதலில் சொல்லிக்கொடுப்பார். அணைத்த பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும், பல செட்களில் பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேஸிஸிலேயே ஷாக் அடிக்கும். எனவே மூடியைக் கழற்றுவதை அவர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

தென்கடலோர ஊர்களுக்குப் போனால் சிக்னலைப் பெருக்கும் ஆன்டெனா பூஸ்டரையும் சேர்த்துக் கேளுங்கள். தூர்தர்ஷன் எட்டாத காலத்தில் அங்கே உயரக் கம்பம் நட்டு இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தார்கள். செட் மட்டும் உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும், சேஸிஸைக் கவனியுங்கள்.

அப்புறம் படம் காட்டுவது. தூர்தர்ஷனின் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டுவிட்டதால் வீடியோவை ஆன்டெனா வழி எடுக்கும் சேனல் சிக்னலாக மாற்றித் தரும் மாடுலேட்டர் ஒன்று வேண்டும். பழைய செட்கள் பல விஎச்எஃப் என்ற அலைவரிசையை மட்டுமே எடுக்கும், அதற்கு மேலுள்ள யூஎச்எஃபில் மட்டும் அனுப்பும் மாடுலேட்டர் அவற்றுக்கு உதவாது. அமெரிக்க முறைக்குச் செய்ததை வாங்கினால் படம் வந்தாலும் சத்தம் வராது: அதில் ஒலி 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும், நம் செட் 5.5ல் தேடும். பின்பக்கம் இரண்டு திருகு மட்டும் உள்ள செட் என்றால், வட்டக் கேபிளை அதில் இணைக்க பேலன் என்ற ஒரு சின்ன இணைப்பி தேவை. மாடுலேட்டரோடு அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.