யூதர் சொத்து மீட்பு அலுவலகங்கள்: எது கைகொடுத்தது, எது கையை விரித்தது

"ஜேர்மனி யூதருக்குக் குடுத்ததே, எங்களுக்கு ஏன் இல்லை?" திருகோணமலையில் காணிப் பத்திரம் எழுதும் மேசைகளில் இந்தக் கேள்வி வராத கிழமை இல்லை. சம்பூர், திரியாய், குச்சவெளி என்று போரில் காணி உறுதி எரிந்தவர்களும் அரச காணி பர்மிட் தொலைந்தவர்களும் கேட்பது நியாயம்தான். ஆனால் "ஜேர்மனி குடுத்தது" என்று ஒரே பேச்சில் சொல்லிவிட முடியாது. நாஜிகள் பறித்த யூதர் சொத்துக்காக 1947இலிருந்து பல நாடுகளில் பல அலுவலகங்கள் வந்து போயிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு படிவம், வேறு கெடு, வேறு சான்று. அவற்றின் விதிகளையும், இன்றைக்கும் திறந்திருக்கும் சேவைகளையும் இங்கே காணிக் கோப்பு தயாரிப்பவரின் கண்ணால் எடைபோட்டிருக்கிறோம். முடிவை முதலே சொல்லிவிடலாம்: அலுவலகம் தானே இறங்கி ஆவணம் தேடிய இடங்களில் சனத்துக்கு ஏதோ கிடைத்தது. "நீயே நிரூபி, அதுவும் இந்தத் திகதிக்குள்" என்ற இடங்களில் பாதிப்பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

இன்றைக்கும் யாரும் பாவிக்கக்கூடியது அரோல்சன் ஆவணக்காப்பகம். ஜேர்மனியின் பாட் அரோல்சன் என்ற சிறு நகரில் இருக்கிறது. 2019 வரை அதன் பெயர் சர்வதேசத் தேடல் சேவை. ஏறத்தாழ 30 மில்லியன் ஆவணங்கள், 17.5 மில்லியன் பேரைப் பற்றிய தகவல்கள் அங்கே உண்டு. இணையத்தில் பெயர் தேடக் காசில்லை. விசாரணைப் படிவம் போடவும் காசில்லை. தேடும்போது முதலில் குடும்பப் பெயரை மட்டும் அடிக்க வேண்டும். முழுப் பெயரையும் ஒரேயடியாக அடித்தால், எழுத்து ஒன்று பிசகினாலும் ஒன்றும் வராது. ஒரே ஆளின் பெயரை ஜேர்மன்காரன் ஒருவிதமாகவும், போலந்துக்காரன் இன்னொருவிதமாகவும், ரஷ்யக் கிளார்க் மூன்றாவது விதமாகவும் எழுதியிருப்பான். ஊரும் அப்படித்தான்: லெம்பேர்க், ல்வூஃப், லிவிவ் மூன்றும் ஒரே நகரம். இந்தச் சிக்கலுக்காகவே டெய்ச்-மொகோடொஃப் என்ற ஒலிக்குறியீட்டு முறையை 1985இல் உருவாக்கினார்கள். ஒலியால் ஒத்த பெயர்களுக்கு ஒரே எண் விழும். யூத வம்சாவளித் தேடல் தளங்கள் பலவும் இதைப் பாவிக்கின்றன. எங்கள் ஊரில் அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிறப்புப் பத்திரத்தில் இன்னொன்று, சிங்களத்திலிருந்து திரும்பிவந்த பெயரில் மூன்றாவது என்று அலைபவர்களுக்கு இது புதினமாக இருக்காது.

அரோல்சனின் நல்ல பக்கம் அதன் விளக்கக் கையேடு. பழைய முகாம் அட்டை ஒன்றின் பிரதி திரையில் வந்தால், எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள், எந்தச் சுருக்கெழுத்துக்கு என்ன பொருள், எந்த முத்திரையை யார் குத்தினார்கள் என்று அந்தக் கையேடு கட்டம் கட்டமாகச் சொல்லும். போருக்குப் பின் அகதிகள் உதவி கேட்டு நிரப்பிய சீஎம்-1 என்ற படிவத்தைத் தவறாமல் பாருங்கள். முந்தைய ஆண்டுகளில் எங்கே வசித்தார், என்ன வேலை செய்தார் என்று ஆளே சொன்ன விபரம் அதில் இருக்கும். குறைகளும் உண்டு. எல்லா ஆவணமும் பெயர்வாரியாக அட்டவணைப்படுத்தப்படவில்லை. ஆகவே திரையில் ஒன்றும் வராததை "ஆளே இல்லை" என்று எடுக்கக்கூடாது. படிவம் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, ஆளுக்கு என்ன நடந்தது என்பதற்குத்தான் அங்கே சான்று. வீடு, காணிக்கு அங்கே ஒன்றும் கிடையாது.

சொத்துக்கான கடதாசி பறித்தவனின் அலுமாரியில் இருக்கிறது. 1938 ஏப்ரல் 26ஆம் திகதி நாஜி அரசு ஒரு கட்டளை போட்டது: 5,000 ரைக்ஸ்மார்க்குக்கு மேல் சொத்துள்ள ஒவ்வொரு யூதரும் அதைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். நோக்கம் கொள்ளைக்குக் கணக்கு எடுப்பது. வியன்னாவில் ஒஸ்திரிய அரச ஆவணக்காப்பகத்தில் கிடந்த அந்தப் படிவங்களே அரை நூற்றாண்டு கழித்து வாரிசுகளின் முக்கிய சான்றாகின. நாடுகடத்தப் போகும் ஆட்கள் இன்னொரு சொத்து விபரப் படிவத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது. அது 16 பக்கம். வங்கிக் கணக்கும் காப்புறுதியும் தொடங்கி தளபாடம், உடுப்பு, படுக்கை விரிப்பு வரை எண்ணிக்கையோடு எழுதவேண்டும். பிறகு நீதிமன்ற அதிகாரி வந்து ஒவ்வொன்றுக்கும் விலை போடுவார். 1941 நவம்பர் 25ஆம் திகதிக் கட்டளைப்படி, ஆளை எல்லை தாண்டிக் கொண்டுபோனதும் சொத்து தானாகவே அரசுக்குப் போய்விடும். பெர்லின் பக்கத்து நிதி அலுவலகக் கோப்புகள் இப்போது பொட்ஸ்டாமில் உள்ள பிராண்டன்பேர்க் மாநில ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

சட்டங்களில் எமக்குப் பிடித்தது மிகப் பழையது: அமெரிக்கப் படைகளின் வலயத்தில் 1947 நவம்பரில் வந்த 59ஆம் இலக்கச் சட்டம். துன்புறுத்தப்பட்டவர் 1933 ஜனவரி 30க்கும் 1945 மே 8க்கும் இடையில் சொத்தைக் கைமாற்றியிருந்தால், அது பறிமுதல் என்றே முதலில் கருதப்படும். "நான் நியாய விலை கொடுத்தேன், விற்றவர் அந்தக் காசைத் தன் இஷ்டப்படி எடுத்தார்" என்று காட்ட வேண்டியது வாங்கியவர். 1935 செப்டம்பர் 15க்குப் பிந்திய விற்பனைக்கு அதுவும் போதாது. நாஜி ஆட்சியே இல்லாவிட்டாலும் இந்த விற்பனை நடந்திருக்கும் என்பது போன்ற மேலதிகக் காரணமும் காட்ட வேண்டும். நிரூபிக்கும் பாரத்தைத் தோள் மாற்றிய இந்த ஒரு விதிக்கே முழுப் புள்ளி. கெடுவுக்கு முட்டை: 1948 டிசம்பர் 31. உயிர் தப்பி எங்கெங்கோ சிதறியிருந்த சனத்துக்கு அந்தக் காலம் எப்படிக் காணும்? கேட்பாரற்றவற்றை ஒரு யூத வாரிசு அமைப்பு பொறுப்பேற்றது.

அதே கதை கிழக்கு ஜேர்மனியிலும் நடந்தது. 1990 சொத்துச் சட்டத்தின் கீழ் வீடு, காணிக்கு 1992 டிசம்பர் 31 கடைசி. அசையும் சொத்துக்கு 1993 ஜூன் 30. பிந்தியவற்றுக்கு உரித்தாளியானது, யூதரின் நட்டஈட்டுக் கோரிக்கைகளுக்காக 1951இல் உருவான கிளெய்ம்ஸ் கொன்ஃபரன்ஸ் என்ற அமைப்பு. தவறவிட்ட வாரிசுகளுக்கு நல்லெண்ண நிதி ஒன்று வைத்தது; பிறகு 50 மில்லியன் யூரோவில் பிந்திய விண்ணப்பதாரர் நிதி, 2014 முடிவு வரை. உண்மையான வாரிசு முழுப் பெறுமதியைக் கேட்டுச் சண்டை பிடித்ததும், மீதிப் பணம் ஏழை உயிர்தப்பியோரின் பராமரிப்புக்குப் போனதும் இரண்டும் உண்மை. அரசே விழுங்குவதைவிட இது மேல் என்பது எம் கருத்து.

சூரிச் பக்கம் வருவோம். நாஜிகளுக்குப் பலியானவர்கள் போட்டுவைத்த கணக்குகளுக்காகச் சுவிஸ் வங்கிகள் 1998இல் 1.25 பில்லியன் டொலருக்கு உடன்பட்டன. அதற்கு முன் ஐம்பது வருடமாக வாரிசுகளிடம் கணக்கிலக்கமும் மரணச் சான்றிதழும் கேட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் இவர்கள். விஷவாயு அறையில் இறந்தவருக்கு யார் சான்றிதழ் எழுதினார்கள்? அந்த வங்கிக் கணக்குகளை ஆராய்ந்த வோல்க்கர் குழு 1999இல் தொடர்பிருக்கலாம் என்று ஒதுக்கியவை சுமார் 54,000 கணக்குகள். 2001இல் வெளியிட்டது 21,000 பெயர்கள். இந்தக் கோரிக்கைகளைத் தீர்த்த தீர்ப்பாயத்தின் கணக்குப் போடும் முறை கெட்டிக்காரத்தனமானது. மீதித் தொகை தெரியாவிட்டால் அந்த வகைக் கணக்கின் 1945 சராசரியை எடுப்பார்கள், பிறகு இன்றைய பெறுமதிக்காகச் சுமார் 12 மடங்கு ஆக்குவார்கள். ஆவணமே இல்லாமல், கதை மட்டும் நம்பத்தகுந்ததாக இருந்தவர்களுக்கு முதலில் 5,000 டொலர் கொடுத்தார்கள்.

காப்புறுதிக்கு வந்த சர்வதேச ஆணைக்குழு 1998 முதல் 2007 வரை இயங்கியது. விண்ணப்பக் கெடு 2003 டிசம்பர் 31. தொண்ணூறாயிரத்துக்கு மேல் கோரிக்கைகள், 48,000க்கு மேற்பட்டோருக்கு 306 மில்லியன் டொலர். இதில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஆயிரம் டொலர் மனிதாபிமானத் தொகைதான். பொலிசி இலக்கம் கேட்காதது நல்லது, வேகம் நத்தை. ஒஸ்திரியாவின் பொதுத் தீர்வு நிதி இன்னும் கசப்பு: 210 மில்லியன் டொலர் என்று உச்சவரம்பு கட்டிவிட்டு, 20,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்களுக்குப் பங்குபோட்டதால், ஏற்றுக்கொண்ட பெறுமதியில் சுமார் பத்து முதல் இருபது வீதம்தான் கைக்கு வந்தது. நட்டஈட்டுத் திட்டம் எதையும் பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மொத்தத் தொகைக்கு வரம்பு உண்டா என்பதை.

முதலிடம், யூதரிடம் பறித்த சொத்துக்கு நட்டஈடு பார்க்கும் பிரான்ஸின் சிஐவிஎஸ் ஆணைக்குழுவுக்கு. 1999இல் தொடங்கியது, கெடு இல்லை, கட்டணம் இல்லை, அப்புக்காத்தும் தேவையில்லை. விண்ணப்பம் வந்ததும் நீதித்துறை அனுபவமுள்ள அறிக்கையாளர் ஒருவர் ஆவணக்காப்பகங்களில் தேடுவார். விண்ணப்பதாரர் அமர்வில் வந்து பேசலாம். பரிந்துரை பிரதமருக்குப் போகும். கடைசியிடம் போலந்துக்கு. விரிவான மீளளிப்புச் சட்டம் அங்கே இல்லை. 2021 திருத்தத்தோடு, 30 வருடம் கடந்த நிர்வாக முடிவுகளைக் கேள்வி கேட்கும் வழியும் அடைபட்டுப் போனது.

இனி திருகோணமலைக்கு வருவோம். இங்கே ஒரு காணியைப் பத்து வருடம் எதிராளி தடையின்றி ஆண்டால் ஆட்சியுரிமை அவருக்குப் போகும். அதைத் தடுக்க வந்த 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து கழித்தது. ஆனால் வழக்குப் போடக் கொடுத்தது இரண்டே வருடம். 59ஆம் இலக்கச் சட்டத்தின் கெடுவை விட அதிகம் என்று வேண்டுமானால் தேற்றிக்கொள்ளலாம். இழப்பீடுகளுக்கான அலுவலகம் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அதில் நட்டஈடு கேட்பதும் காணியைத் திருப்பிக் கேட்பதும் இரு வேறு வேலைகள். இரண்டையும் ஒரே கோப்பில் குழப்பாதீர்கள். காணாமல் போனவர் பெயரில் உறுதி இருந்தால் மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்கள் உண்டு. 2016இலிருந்து காணாமற் போனமைக்கான சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. முகாமில் இறந்தோருக்காக ஜேர்மனி 1949இலேயே அரோல்சனில் தனிப் பதிவாளர் அலுவலகம் வைத்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

உறுதி எரிந்ததால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நொத்தாரிசு உறுதி எழுதும்போது இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார், மூலத்தை உரிமையாளரிடம் கொடுப்பார், இன்னொரு பிரதியைத் தன்னிடம் வைப்பார். நொத்தாரிசின் பெயரும் உறுதி இலக்கமும் ஆண்டும் தெரிந்தால் சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். அவை தெரியாவிட்டால் கிராமத்தின் பெயர், காணியின் பெயர், பாட்டனார் பெயர் கொண்டு பதிவேட்டில் ஃபோலியோவை, அதாவது அந்தக் காணிக்குரிய பக்கத்தை, பிடிக்க வேண்டும். பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் எல்லையாக உங்கள் தகப்பனாரின் பெயர் இருந்தால் அதுவும் நல்ல தடயம். பர்மிட் காணிக்குப் பதிவகத்தில் தேடிப் பிரயோசனம் இல்லை, பிரதேச செயலகக் காணிப் பேரேட்டைத்தான் கேட்க வேண்டும். வாக்காளர் இடாப்புப் பிரதி, பள்ளிக்கூட அனுமதிப் பதிவேடு, பழைய மின்கட்டண பில் எல்லாம் வசித்ததற்குத்தான் சான்று, உரித்துக்கு அல்ல. பெயர் வித்தியாசத்துக்கு "இருவரும் ஒருவரே" என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிக்கும்போது, எல்லா எழுத்துருவங்களையும் ஒரே கடதாசியில் எழுதுங்கள். ஒன்று விட்டுப்போனால் அடுத்த கந்தோரில் திரும்பவும் முதலிலிருந்துதான்.

தரகர்களைப் பற்றியும் ஒரு சொல். அரோல்சன், சிஐவிஎஸ், கிளெய்ம்ஸ் கொன்ஃபரன்ஸ் மூன்றும் விண்ணப்பத்துக்குச் சதமும் வாங்குவதில்லை. இங்கே "வெளிநாட்டு நட்டஈடு எடுத்துத் தாறன், முன்பணம் வையுங்கோ" என்று யாராவது வீட்டுக்கு வந்தால், மூல ஆவணம் ஒன்றையும் கையில் கொடுக்காதீர்கள். சான்றுப்படுத்திய பிரதி மட்டும், அதுவும் பற்றுச்சீட்டுக்கு.