கியர் மாற்றினால் கார் உதைக்கிறதா? கிளட்ச் செட் மாற்றும் முன் இதைப் படியுங்கள்

நன்றாக இருந்த கிளட்ச் பிளேட்டைக் கழற்றச் சொல்லி, அதற்குப் பணமும் கொடுத்தவன் நான்.

என்னுடையது மேனுவல் கியர் கார். 1-லிருந்து 2-க்கு மாற்றிக் கிளட்சை விடும்போது 'டக்' என்று ஓர் உதை. ரிவர்ஸ் எடுக்கும்போதும் அதே. ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். மெக்கானிக் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே கிளட்சை இரண்டு முறை மிதித்தார். "கிளட்ச் போயிடுச்சு சார், செட்டா மாத்திடலாம்." பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் என்று அர்த்தம். நானும் தலையாட்டினேன்.

வண்டி திரும்பி வந்தபோது பெடல் பஞ்சு மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் முதல் வளைவு வரைக்கும்தான். அதே உதை.

"புது பிளேட், செட் ஆகணும் சார், கொஞ்ச நாள் ஓட்டுங்க" என்றார்கள். புது பிளேட் படிய கொஞ்சம் ஓட வேண்டும் என்பது உண்மைதான், அதனால் நம்பினேன். அடுத்த முறை போனபோது கதை மாறிவிட்டது: "கியர்பாக்ஸ்ல சிங்க்ரோ தேஞ்சிருக்கும், இறக்கிப் பிரிக்கணும்." கிளட்ச் மாற்ற அதே கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியவர்கள் இவர்கள்தான்! சிங்க்ரோ என்பது கியர் சத்தமில்லாமல் விழ, சுழலும் பாகங்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம். அது தேய்ந்தால் கியர் விழும்போதே 'கரகர'வென்று சத்தம் வரும், கியர் முரண்டு பிடிக்கும். என் வண்டியில் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. கிளட்சை விட்ட பிறகுதான் உதை. இந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் மறுபடியும் பணம் கட்ட மனம் வரவில்லை, வேறு மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் முதலில் கேள்விதான் கேட்டார். "கியரே மாத்தாம, ஒரே கியர்ல போகும்போது ஆக்சிலரேட்டரை விட்டுட்டுத் திரும்ப மிதிச்சா உதைக்குதா?" யோசித்துப் பார்த்தால், ஆமாம், உதைத்தது. இத்தனை நாளாக யாரும் கேட்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கிளட்சையே தொடாதபோதும் உதை வருகிறதென்றால் கிளட்ச் மேல் மட்டும் பழி போட முடியாது இல்லையா?

அப்புறம் பானெட்டைத் திறந்து, என்னை உள்ளே உட்கார வைத்தார். ஹேண்ட்பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளட்சை லேசாகப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் விடச் சொன்னார். பிறகு ரிவர்ஸில். அவர் பக்கவாட்டில் நின்று பார்த்தார். (வண்டிக்கு முன்னால் யாரும் நிற்காமல் செய்ய வேண்டிய வேலை இது.) இன்ஜின் ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே என்று ஊஞ்சலாடியது. கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்ட்டில் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வண்டியோடு சேர்த்துத் தாங்கும், ரப்பர் வைத்த பிடிப்பு) ரப்பர் கிழிந்து தொங்கியது. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் இழுவை விட்டுத் திரும்பப் பிடிக்கிறது. தாங்கிப் பிடிக்க ரப்பர் இல்லாததால் மொத்த இன்ஜினும் ஆடிப்போய் இடிக்கிறது. உதை அதுதான்.

நல்லவேளை, பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டிருந்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். உராயும் பரப்பைப் பிளேட்டோடு பிடித்திருக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் இன்னும் ஆழத்தில் இருந்தன. தேய்ந்த பிளேட்டில் அவை மேற்பரப்புக்கே வந்துவிடும். தேய்ந்திருந்தால் உயர் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. எனக்கு அப்படி ஒருநாளும் நடக்கவில்லை.

உங்கள் வண்டியிலும் காரணம் மவுண்ட்தான் என்று சொல்ல வரவில்லை. பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், ஸ்பார்க் பிளக்கோ காயிலோ மக்கர் பண்ணலாம், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ஆயிலில் தொடங்க வேண்டும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்காமல் பார்ட் பெயரைச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். கழற்றியதைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

மவுண்ட் மாற்றினேன், உதை நின்றது. என் வண்டியில் கியர்பாக்ஸை இறக்க அந்த மவுண்ட்டைக் கழற்றியே ஆகவேண்டுமாம். அதாவது, கிளட்ச் மாற்றிய முதல் இடத்தில் கிழிந்த ரப்பரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதையே திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். நேரில் போய் அந்த முதல் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"கியர் மாத்தும்போது உதைக்குதுன்னுதானே சொன்னீங்க சார், மவுண்ட்டைப் பார்க்கச் சொல்லலையே" என்றார்.